தால்சிம் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் முழுக்க ஒரே சண்டை. அரசியல் இல்லை, சினிமா இல்லை, ஸ்ட்ரீட் ஃபைட்டர்! தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒருவன் (இப்போது பெங்களூரில் இருக்கிறான், பெயர் வேண்டாம்) தன் மகனுக்கு அந்தப் பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். பையன் ஆசையாக இந்தியாக்காரரை எடுத்து ஆடி, வரிசையாகத் தோற்றுப்போய், "நம்ம ஆளை மட்டும் ஏம்ப்பா இப்படி வீக்கா வச்சிருக்காங்க" என்று அழுதானாம். இனிமேல் அவரைத் தொடவே மாட்டேன் என்கிறானாம். குழுவில் முக்கால்வாசிப் பேர், "ஆமாடே, அவன் வேஸ்ட்டுதான்" என்று ஒத்து ஊதினார்கள். அங்கே நாலு வரி எழுதினேன். போதவில்லை. அதனால் இங்கே.

வாத்தியாருக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று மைத்துனர் கேட்பார். பணி ஓய்வுக்குப் பிறகு, லீவுக்கு வரும் பேரனோடு உட்கார்ந்து ஆடிப் பழகியதுதான். மூட்டு வலிக்காரனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1991-ல் வெளியிட்டது. நாம் எடுத்து ஆட எட்டுப் பேர்: ரியூ, கென், ஹோண்டா, பிளாங்கா, கைல், சுன்-லி, ஜாங்கீஃப், அப்புறம் இந்தியாவின் தால்சிம். குத்துக்கு மூன்று பட்டன், உதைக்கு மூன்று பட்டன். கடிகாரம் 99-ல் ஆரம்பித்து இறங்கும். இரண்டு சுற்று ஜெயித்தவன் வென்றவன்.

தால்சிம் யோகி. பட்டனை அழுத்தினால் கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும். திரையில் பாதித் தூரத்துக்கு நீளும் என்று வையுங்களேன். மற்றவர்கள் எட்டி நின்று குத்தினால் காற்றைத்தான் குத்துவார்கள். இவர் அங்கேயிருந்தே மூக்கில் தட்டிவிடுவார். இதுதான் இவருடைய மொத்த பலம். பலவீனமும் இதற்குள்ளேயேதான் இருக்கிறது, அதைத்தான் நம் பிள்ளைகள் பார்ப்பதில்லை.

அறுப்பு முடிந்த வயலில் கபடி ஆடியவர்கள்தானே நீங்கள் எல்லாம். பாடிப் போகிறவன் காலை நீட்டி விரல் நுனியால் தொட்டுவிட்டு ஓடி வருவான். நல்ல வித்தை. ஆனால் நீட்டிய காலைத் திரும்ப இழுப்பதற்குள் ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. நீட்டாமல் நின்றிருந்தால் அந்தக் கால் அகப்பட்டிருக்காது. தால்சிமும் அப்படித்தான். நீண்ட கை வெறும் படம் இல்லை, அதுவும் அவருடைய உடம்பு. நீளும்போதும் திரும்பும்போதும் எதிரி அந்தக் கையையே அடிக்கலாம். அடி விழுந்தால் லைஃப் குறையும். கை வீட்டுக்குத் திரும்பும்வரை இவரால் தடுக்கவும் முடியாது, நகரவும் முடியாது. பட்டனைப் படபடவென்று தட்டுகிற பிள்ளைகள் தோற்பது இதனால்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கையை எதிரியிடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்!

அடுத்தது நடை. மிக மெதுவாக நடப்பவர்களில் ஒருவர். குதித்தால் பஞ்சு மாதிரி மேலே போய், பஞ்சு மாதிரியே இறங்குவார். எங்கே வந்து விழுவார் என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரியும், காத்திருந்து வாங்குவான். (குதித்த உயரத்திலிருந்து திருகாணி போலச் சுழன்று இறங்கும் உதை ஒன்று உண்டு. அதைப் பழகினால் இந்தக் குறை பாதி தீரும்.) எல்லாவற்றிலும் மோசமானது, கீழே விழுந்து எழும் நேரம். ரியூவும் கென்னும் எழும்போதே மேல்நோக்கி ஒரு குத்து விட்டு, பக்கத்தில் நிற்பவனைத் தூக்கி எறிந்துவிடலாம். தால்சிமுக்கு 1991-ன் முதல் பதிப்பில் அப்படி ஒன்றும் கிடையாது. தடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மறைந்து வேறிடத்தில் தோன்றும் யோகா டெலிபோர்ட், 1992-ல் வந்த டர்போ பதிப்பில்தான் கிடைத்தது.

நம் வீட்டுத் தொரட்டிக் கம்பு போலத்தான். உச்சிக்கிளை மாங்காயைப் பறிக்க அதைவிட்டால் வழியில்லை. அதையே வைத்துக்கொண்டு காலடிக்கு வந்துவிட்ட நாயை விரட்டிப் பாருங்கள், தெரியும்.

சரி, இவ்வளவு குறை உள்ள ஆளை ஏன் வேஸ்ட் இல்லை என்கிறேன்? ஜாங்கீஃபோடு மோதவிட்டுப் பாருங்கள். அவன் சோவியத் மல்யுத்த வீரன், மலை மாதிரி உடம்பு. பக்கத்தில் வந்து பிடித்துவிட்டால் தூக்கிச் சுழற்றித் தலைகீழாகக் குத்துவான், லைஃப் பாதாளத்துக்குப் போகும். ஆனால் பக்கத்தில் வர வேண்டுமே! தால்சிம் ஒரு காலை நீட்டி நிறுத்துவார். பின்னால் ஓரடி வைப்பார். யோகா ஃபயர் என்று ஒரு தீ உருண்டையை ஊதுவார். குதித்து வந்தால் கையை மேலே நீட்டித் தட்டுவார். மலை மாதிரி ஆள், கடிகாரம் இறங்க இறங்க, அந்தப் பாதித் திரையைக் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்கவே ஒரு அழகு. எட்டுப் பேரில் ஜாங்கீஃபை இவ்வளவு தவிக்கவிடும் ஆள் குறைவு.

தீ உருண்டையை எதிரி தடுத்தாலும் கொஞ்சம் லைஃப் உதிரும், வெறும் குத்தைத் தடுத்தால் உதிராது. இந்தச் சில்லறைக் கணக்கில்தான் நெருக்கமான ஆட்டங்கள் முடிகின்றன. கணக்குப் பாடத்தில் தசம பின்னத்தை அலட்சியம் செய்தவர்கள் இங்கேயும் அலட்சியம் செய்கிறீர்கள், வேறென்ன.

1994-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவை இன்றைக்கும் போட்டி வைத்து ஆடுகிறார்கள். அதில் கைதேர்ந்தவர்கள் தால்சிமை முன்வரிசையில் வைக்கிறார்கள். ஆள் வீக் என்றால் அது நடக்குமா? பிற்காலத்தில் வேண்டுமென்றே இவருடைய உயிரைக் குறைத்தும் வைத்தார்கள். 2008-ல் வந்த நான்காம் பாகத்தில் ரியூவுக்கு 1000 என்றால் இவருக்கு 900. நீளமான கைக்கு அது வரி.

ஆக, ஆட்ட விதியில் நம் ஆளுக்கு அநியாயம் எதுவும் இல்லை. அநியாயம் இருப்பது படத்தில். அதைக் குழுவில் ஒருவர்கூடப் பேசவில்லை. இந்தியர் என்றதும் அந்த ஓவியருக்குத் தோன்றியது கழுத்தில் மண்டையோட்டு மாலை, முகத்தில் வண்ணக்கோடு, வாயில் நெருப்பு, பின்னால் வரிசையாக யானை. அந்த மண்டை ஓடுகள் கொள்ளைநோயில் செத்த ஊர்க்குழந்தைகளுடையவை என்று ஒரு கதையும் சொன்னார்கள். ஊருக்குப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கே வருகிறாராம். மனசுக்கு இதமான கதைதான், ஆனால் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்குக் கதை எங்கே தெரியும்? தால்சிம் என்ற பெயரையும் நான் எந்த வருகைப் பதிவேட்டிலும் எழுதியதில்லை. சீனாவின் சுன்-லியை போலீஸ் அதிகாரி ஆக்கத் தெரிந்தவர்களுக்கு, நம்மை மட்டும் பாம்பாட்டி வித்தைக்காரன் கணக்கில்தான் வரையத் தெரிந்தது. 2016-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் தாடியும் தலைப்பாகையும் கொடுத்துக் கொஞ்சம் கௌரவமாக ஆக்கினார்கள்.

பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. "ஆமாடா, நம்ம ஆளு வீக்கு" என்று அப்பனே சொன்னால் பையன் இரண்டையும் சேர்த்து நம்பிவிடுவான். படத்தைப் பார்த்துக் கோபப்படட்டும், நியாயம்தான். தோற்றதற்குக் காரணம் அது இல்லை, கையை இழுக்கும்முன் அடுத்த பட்டனைத் தட்டியதுதான் என்றும் தெரியட்டும்.

புதிதாக எடுப்பவர்கள் முதல் பத்து ஆட்டத்துக்குத் தீயையே மறந்துவிடுங்கள். பின்னால் நடப்பது, நடுத்தரக் குத்து, கீழே உட்கார்ந்து சறுக்கும் உதை, இந்த மூன்று மட்டும் போதும். ஒரு அடி, கை திரும்பியதா என்று பார், அடுத்த அடி. முதலில் ஜாங்கீஃபை எதிர்த்துப் பழகுங்கள், ரியூவிடம் பிறகு போகலாம்.

ஜாங்கீஃபை வைத்துக்கொண்டு நல்ல தால்சிமை ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று கீழே எழுதுங்கள். பேரன் வரும் லீவுக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.