பேரங்காடியும் புறவாயிலும்

சென்னை மாநகரின் நடுவே நீண்டு செல்லும் பெருவழி அண்ணா சாலையாகும். முன்னாளில் அது மவுண்ட் ரோடு என வழங்கிற்று. அச் சாலையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்று விளங்கும் இடங்களுள் ஒன்று ஸ்பென்சர் பிளாசா என்னும் வணிக வளாகம். கடைகளும் அலுவலகங்களும் ஒரு கூரையின்கீழ் அமைந்த அப் பெருமனை, காண்பவர்க்கு வியப்பைத் தருவது. கருதிப் பார்ப்பவர்க்கு நல்லதோர் அறிவுரையையும் தருவது.

வெயிலில் வாடி வந்த ஒருவர் அதன் வாயிலைக் கடந்ததும் குளிர்ந்த காற்று அவரை எதிர்கொள்கின்றது. நடுவே தளங்களை ஊடுருவி உயர்ந்து நிற்கும் திறந்த முற்றம். அதனைச் சூழ அடுக்கடுக்காகக் கடைகள். காசுமீரத்துச் சால்வையும் கம்பளமும் ஒருபால். ஆடையும் அணியும் ஒருபால். கைக்கடிகாரமும் கைப்பேசியும் மற்றொருபால். நகரும் படிக்கட்டில் நின்றால் கால் வருந்தாமல் மேல்தளம் அடையலாம். பொருள் வாங்குவோரும் விற்போரும் ஒருபுறம் இயங்க, மற்றொருபுறம் அலுவலகங்களில் பணிபுரிவோர் தத்தம் கடமையில் ஈடுபட்டிருப்பர். நகரின் பல பகுதிகளிலும் புதிய வளாகங்கள் எழுந்தபின் இங்குக் கூட்டம் முன்போல் இல்லையாயினும், பெருங்கட்டடம் ஒன்றின் இயல்பை அறிதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. ஏன் எனின், இதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஸ்பென்சர் என்னும் வணிக நிறுவனம் 1863ஆம் ஆண்டிலே தோன்றியது. அது வளர்ந்து செழித்தபோது, யூஜின் ஓக்ஷாட் என்னும் வணிகர் 1895இல் இவ்விடத்தே அழகியதொரு மாளிகையை எழுப்பினார். செங்கல்லின் செந்நிறமும் கூர்நுனிக் கோபுரங்களும் விளங்க, இந்தியக் கலையும் மேலைக் கலையும் கலந்து அமைந்த மாளிகை அது. அன்று அதனுள் நுழைந்து பொருள் வாங்கியோர் பெரும்பாலும் ஆங்கிலேயரும் செல்வருமே. தொண்ணூறு ஆண்டுகளை எட்டிய நிலையில், 1983ஆம் ஆண்டில், அம் மாளிகை தீக்கு இரையாயிற்று. பின்னர் அதே இடத்தில் புதிய வளாகம் எழுந்து 1991இல் திறக்கப்பெற்றது. முன்னாளில் சிலர்க்கே உரியதாயிருந்த இடம், இந்நாளில் யாவரும் புகும் இடமாயிற்று. இது மகிழத் தக்க மாற்றமே.

ஆயினும் தீயின் செய்தியை எளிதில் மறந்துவிடல் ஆகாது. இதே சாலையில் 1959இல் திறக்கப்பெற்று, நாட்டிலேயே உயர்ந்த கட்டடம் என அந்நாளில் புகழ்பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் மாளிகை, 1975இல் தீப்பற்றியது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கின்றது. சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து, பழைய நூல்களைத் தேடி அலைவோர்க்குப் புகலிடமாக விளங்கிய மூர் மார்க்கெட், 1985இல் எரிந்து அழிந்தது. பத்தே ஆண்டுகளில் ஒரு நகரின் புகழ்மிக்க மூன்று கட்டடங்களைத் தீ தீண்டிற்று. ஒன்று நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். மூன்று நிகழ்ந்தபின் அங்ஙனம் சொல்லி அமைதல் அறிவுடைமை அன்று.

பண்டைத் தமிழர்க்கு அங்காடி புதியது அன்று. பகலில் கூடுவதை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் அவர் வழங்கினர். புகார் நகரின் நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே ஒரு சோலையில் அமைந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். சோலையில் கூடிய அங்காடிக்குச் சுவர் இல்லை. எத்திசை நோக்கினும் அத்திசையே வாயில். அஞ்சத் தக்கது ஒன்று நேர்ந்தால், கூடியிருந்தோர் நாற்புறமும் அகன்று உயிர் பிழைக்கலாம். இன்றைய பேரங்காடியோ சுவராலும் கண்ணாடியாலும் அடைபட்டது. திறந்த வெளி தானே அளித்த வழியை, இங்கு மனிதன் தன் அறிவால் அமைத்தல் வேண்டும். அமைத்ததைக் காத்தலும் வேண்டும்.

அடைபட்ட மனையில் தீயினும் கொடியது புகை. சூடேறிய புகை மேல்நோக்கி எழும் இயல்புடையது. கீழ்த்தளத்துக் கடையொன்றில் மூண்ட சிறு தீயின் புகை, திறந்த முற்றத்தின் வழியாகவும் படிக்கட்டின் வழியாகவும் ஏறி, மேல்தளத்தில் இருப்போரை நொடிப்பொழுதில் சூழ்ந்துவிடும். அப்பொழுது மின்தூக்கி பயன்படாது. மின்சாரம் நின்றால், அதனுள் புகுந்தவர் இடைவழியில் சிக்கிக்கொள்வர். ஆதலின் உயிர் காப்பவை புகை புகாதபடி அமைந்த படிக்கட்டும், தடையின்றித் திறக்கும் புறவாயிலுமே. இவை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை 1970இல் முதன்முதல் வெளிவந்து, பின்னர்த் திருத்தப்பெற்று வரும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு விரித்துரைக்கின்றது.

எனவே, ஒரு பேரங்காடியின் பெருமையை அளக்கும் கோல் எது? கடைகளின் எண்ணிக்கையா? விளக்குகளின் ஒளியா? தளங்களின் உயரமா? இவை யாவும் அல்ல. உள்ளே புகுந்தோர் அனைவரும் இடர் நேர்ந்தபோது ஊறின்றி வெளியேற முடியுமா என்பதே உண்மையான அளவுகோல். முன்வாயிலின் அழகு வணிகரின் செல்வத்தைக் காட்டும். புறவாயிலின் ஒழுங்கோ அவர்தம் நெஞ்சத்தைக் காட்டும்.

இதனை மறுப்பாரும் உளர். “மகிழ்ந்து உலாவ வரும் இடத்தில் தீயையும் சாவையும் நினைப்பானேன்? அமங்கலம் அன்றோ?” என்பர் சிலர். வெள்ளம் வருமுன் அணை போடுபவன் வெள்ளத்தை விரும்பி அழைப்பவன் அல்லன். ஊர் வாழ வேண்டும் என்று விரும்புபவன். “அங்காடியில் ஒவ்வோர் அடி நிலமும் பொன் போன்றது, நடைவழியில் நான்கு பெட்டிகளை அடுக்கினால் என்ன குறை?” என்பர் வேறு சிலர். இடத்தின் அருமை உண்மையே. சிறு வணிகரின் இன்னலும் உண்மையே. ஆனால் நடைவழி எவர் ஒருவர்க்கும் உரியது அன்று. அஃது எல்லார்க்கும் பொதுவானது. ஒருவர் நான்கு பெட்டிகளை வைத்தால் அடுத்தவரும் வைப்பர். பின்னர் வழி என்பதே இல்லையாகும். அந் நிலையில் தீ மூண்டால், இடத்தை மிச்சப்படுத்தியவரின் கடையும் சேர்ந்தே எரியும். ஒருவரது சிறுபொருளைக் காக்க எல்லாரது உயிரையும் ஈடு வைத்தல் வணிக அறம் ஆகாது.

இதில் மிகுதியும் கருதத் தக்கவர் யார்? வளாகத்தைக் காண வருபவர் ஒரு நாழிகையோ இரு நாழிகையோ தங்கிச் செல்வர். அங்கே காலை முதல் இரவு வரை நின்று பணிசெய்யும் விற்பனைப் பெண்களும், துப்புரவுத் தொழிலாளரும், காவலரும், அலுவலக ஊழியரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக் கூரையின்கீழ்க் கழிக்கின்றனர். பூட்டிய புறவாயிலின் முன் முதலில் திகைத்து நிற்போர் அவர்களே. அவர்களை நம்பி அவர்தம் இல்லங்களில் குழந்தைகளும் முதியோரும் காத்திருப்பர்.

இக் கடமை வணிகர்க்கும் அரசினர்க்கும் மட்டும் உரியது அன்று. பெருங்கட்டடம் ஒன்றினுள் புகும் மாணவன், விற்பனைப் பொருள்களைக் காணுமுன், வெளியேறும் வழியைக் குறிக்கும் பச்சைப் பலகை எங்குளது எனக் காணப் பழகுதல் வேண்டும். படிக்கட்டில் பொருள்கள் அடைத்திருப்பின் பொறுப்புடையோர்க்குப் பணிவுடன் எடுத்துரைத்தல் வேண்டும். தீயணைப்புத் துறையினரை அழைக்கும் 101 என்னும் எண்ணை நினைவில் இருத்தல் வேண்டும். கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004ஆம் ஆண்டில் மூண்ட தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அங்காடிக்கு உரைத்தது பள்ளிக்கும் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

புகும் வாயில் ஒருவரை வரவேற்பது. புறவாயில் அவரை வீடு சேர்ப்பது. வரவேற்கத் தெரிந்த நகரம் செல்வமுடைய நகரம் ஆகலாம். வந்தவர் அனைவரையும் நலமாக வீடு சேர்க்கத் தெரிந்த நகரமே நாகரிகமுடைய நகரம் ஆகும்.