தர்மத்தின் பேரால் கூலிக் குறைப்பு

அமெரிக்காவில் "குட்வில்" என்னும் பேரால் ஒரு பெரிய தர்ம ஸ்தாபனம் நடைபெற்று வருகிறது. நல்லெண்ணம் என்பது அப்பேரின் பொருள். 1902-ல் பாஸ்டன் நகரத்தில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் பாதிரியார் இதை ஆரம்பித்தார். வசதியுள்ளவர் வீடுகளிலிருந்து பழந்துணிகளையும் பழைய சாமான்களையும் வாங்கிவந்து, ஏழைகளைக் கொண்டு செப்பனிட்டு விற்று, அந்தப் பணத்தை அவர்களுக்கே கூலியாகக் கொடுப்பது என்பது அவரது திட்டம். "பிச்சையல்ல, வாய்ப்பு" என்பது அந்த ஸ்தாபனத்தின் கோஷம். பாதிரியார் ஆரம்பித்தது என்பதற்காக நாம் இதைக் குறை கூற வரவில்லை. கல்லுக்குப் பாலைக் கொட்டுவதைவிட ஏழைக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்தது எவ்வளவோ மேலான காரியம் என்றே சொல்லுவோம். ஆனால், பிச்சையல்ல என்று சொன்னவர்கள் கூலியை எப்படி அளந்தார்கள் என்பதே நமது கேள்வியாகும்.

1938-ல் அமெரிக்க அரசாங்கத்தார் ஒரு தொழிலாளர் சட்டம் செய்தார்கள். அச்சட்டத்துக்குட்பட்ட தொழில்களில் மணிக்கு 25 ஸெண்டுக்குக் குறைந்து யாருக்கும் கூலி கொடுக்கக்கூடாது என்று அதில் விதித்தார்கள். 2009 முதல் அந்த அளவு மணிக்கு 7 டாலர் 25 ஸெண்டு. ஆனால் அதே சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு சந்து விடப்பட்டது. அங்கவீனர்களை வேலைக்கு வைப்பவர்கள் சர்க்காரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால், அந்த அளவுக்குக் கீழாகவும் கூலி கொடுக்கலாம். எவ்வளவு கீழாக என்பதற்கு இருந்த எல்லையும் 1986-ல் எடுபட்டுப் போயிற்று.

இந்தச் சர்டிபிகேட்டை வாங்கியவர்களில் குட்வில் கிளைகள் பலவும் சேர்ந்தவை. பென்ஸில்வேனியா மாகாணத்தில் 2011-ல் அங்கவீனத் தொழிலாளிகள் சிலருக்கு மணிக்கு 22 ஸெண்டு மட்டுமே கிடைத்தது என்று, சர்க்கார் தஸ்தாவேஜுகளைக் கொண்டே என்.பி.ஸி. டெலிவிஷன் 2013-ல் வெளியிட்டது. சட்டப்படியான கூலியில் இது முப்பத்துமூன்றில் ஒரு பங்கு. அதே 2011-ல் குட்வில் தலைமை ஸ்தாபனத்தின் நிர்வாகி ஜிம் கிப்பன்ஸ் பெற்ற ஊதியம், இதர சலுகைகள் உள்பட, 7,29,000 டாலர். வாரத்துக்கு 40 மணி வேலை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 350 டாலர் ஆகிறது. கிப்பன்ஸ் கண்பார்வையற்றவர். அங்கவீனன் நிர்வாகியாக இருந்து நல்ல ஊதியம் பெறுவது கண்டு நாம் மகிழ்கிறோம். அவரது திறமையைப் பார்வையுள்ள ஒருவரோடு ஒப்பிட்டுக் கூலியைக் குறைக்க யாரும் கடிகாரத்தோடு அவர் பக்கத்தில் நிற்கவில்லையே, அந்த மரியாதை பழந்துணி பிரிப்பவனுக்கு மாத்திரம் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

கடிகாரம் என்று நாம் சொன்னது அலங்காரப் பேச்சல்ல. அங்கக் குறைவில்லாத ஒருவன் ஒரு மணியில் எத்தனை உருப்படி செய்கிறான் என்று முதலில் அளப்பது, பிறகு அங்கவீனன் எத்தனை செய்கிறான் என்று அளப்பது, பாதி செய்தால் பாதிக் கூலி. மணிக்கூலிக்காரனை ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது இப்படி அளந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு இது நியாயம்போலவே தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்த ஆலையிலும் எல்லோருடைய கையும் ஒரே வேகத்திலா ஓடுகிறது? கை கால் நன்றாயுள்ள சோம்பேறிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, கிழவனுக்கும் உண்டு, நேற்று வந்த கற்றுக்குட்டிக்கும் பெரும்பாலும் உண்டு. அங்கவீனன் ஒருவனுக்கு மாத்திரம் தராசு வேறு, படிக்கல் வேறு என்றால், இது வேலையை அளப்பதா, பிறப்பை அளப்பதா?

இதைக் கேட்டவர்கள் அங்கவீனர்களேதான் என்பது கவனிக்கத்தக்கது. 1940-ல் ஏற்பட்ட பார்வையற்றோர் தேசிய சம்மேளனத்தார் 2012-ல் குட்வில்லைப் பகிஷ்கரிக்கும்படி பொதுஜனங்களை வேண்டினார்கள். ஒஹாயோ மாகாணத்தில் வேறொரு வேலைக்கூடத்தில் மணிக்குச் சராசரி சுமார் இரண்டரை டாலர் பெற்ற மூன்று தொழிலாளிகள், சட்டத்திலேயே உள்ள ஒரு வழியைப் பிடித்து மனுக் கொடுத்தார்கள். இவர்களுடைய குறை இவர்கள் செய்யும் வேலையைப் பாதிக்கிறது என்பதை முதலாளி ருசுப்படுத்தவில்லை என்று 2016-ல் நீதிபதி தீர்ப்புச் செய்து, முழுக் கூலியும் பாக்கியும் கொடுக்க உத்தரவிட்டார். இந்த மூவர் ஒன்றைக் காட்டிவிட்டார்கள். கண் தெரியாதவன் என்றால் கையும் ஓடாது என்பது கணக்கல்ல, வெறும் நம்பிக்கை. நம்பிக்கையை நம்பிக் கூலியைக் குறைப்பது, ஜாதகம் பார்த்துச் சம்பளம் போடுவதற்குச் சமானம்.

நிற்க, மறுபக்கத்தார் சொல்லும் சமாதானத்தையும் பார்ப்போம். முழுக் கூலி கேட்டால் வேலைக்கூடத்தை மூடிவிடுவார்கள், எங்கள் பிள்ளை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான் என்று பல பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நாம் பரிகசிக்கமாட்டோம். 2019-ல் இல்லினாய் மாகாணத்தில் கூலி உயர்வுச் சட்டம் வந்தவுடன், ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் குட்வில் அதையே காரணம் காட்டி அங்கவீனர்கள் பலரை நிறுத்தியது. பொதுஜனங்கள் கொதித்தெழுந்தபின் அந்த உத்தரவு ரத்தாயிற்று. நிர்வாகியும் ராஜினாமாச் செய்தார். ஆனால் நாம் கேட்பது இதுதான்: அங்கவீனனுக்கு வேலை கொடுப்பதில் நஷ்டம் உண்டென்றே வைத்துக்கொள்வோம். அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? தர்மம் செய்கிறோம் என்பவர்கள் தாங்க வேண்டும். வரிவிலக்குப் பெறும் ஸ்தாபனம் தாங்க வேண்டும். சர்க்கார் தாங்க வேண்டும். எல்லோரும் புண்ணியம் பெற்றுக்கொள்ள, அதற்கான பணத்தை அங்கவீனனின் கூலியில் பிடித்துக்கொள்வதென்றால், இங்கே தர்மம் செய்கிறவன் யார்? கூலியை விட்டுக்கொடுக்கிற அந்தத் தொழிலாளி அல்லவா தர்மப் பிரபு!

இதை அமெரிக்கர் குறை என்று சொல்லி நாம் மீசையை முறுக்கிக்கொள்வதற்கில்லை. பிறவிக் குருடனுக்கும் செவிடனுக்கும் ஊமைக்கும் அங்கக் குறைவுள்ளவனுக்கும் தகப்பன் சொத்தில் பாகம் கிடையாது, ஆனால் சோறும் துணியும் கொடுக்க வேண்டும் என்பது மனுதர்மத்தின் 9-வது அத்தியாயம். உரிமையைப் பிடுங்கிக்கொண்டு உபகாரத்தைக் கொடு என்பதே அதன் சாரம். இந்த அநீதியின் பெரும்பகுதியை நீக்க 1928-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சுயராஜ்யம் வந்தபின் 1948-ல் செய்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும், அங்கவீனரின் கூலிக்கு அச்சட்டம் செல்லாது என்று சர்க்கார் உத்தரவிடலாம் என 26-வது பிரிவில் எழுதிவைத்தார்கள். பாஸ்டன் பாதிரியாரும் மனுவும் வேறு வேறு மதத்தார். அங்கவீனனைக் கண்டவுடன் மாத்திரம் இரண்டு கூட்டத்தாருக்கும் நீதி மறந்து இரக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 2015-ல் நியூ ஹாம்ப்ஷயர் இந்தச் சந்தை அடைத்தது. பிறகு அலாஸ்கா, மேரிலாந்து, மெயின், கலிபோர்னியா முதலிய மாகாணங்களும் அடைத்தன. தேசம் முழுவதும் அடைத்துவிடலாம் என்று 2024 டிசம்பரில் தொழில் இலாகா ஒரு யோசனை வெளியிட்டது. புதிதாக வந்த ஆட்சியார் 2025 ஜூலையில் அதை வாபீஸ் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே சண்டை தீரவில்லை.

தோழர்களே! தர்மம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகூப்பும் வழக்கத்தை விடுங்கள். எந்த தர்ம ஸ்தாபனத்தையும் நாம் பார்க்க வேண்டியது அதன் பேரையோ, ஆரம்பித்தவரின் அங்கியையோ, சுவரில் மாட்டிய படத்தையோ அல்ல. அதன் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவனுக்கு எவ்வளவு, கீழே இருப்பவனுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கூலி என்பது கொடுப்பவனின் கருணையல்ல, உழைத்தவனின் பாத்தியதை. அதைக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் எவனாவது இரக்கம் காட்டினால், அப்போது அதை தர்மம் என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.