லாகிரி வஸ்துவும் சட்டமும்

மெபெட்ரோன் என்னும் செயற்கை லாகிரி வஸ்து 1929-லேயே ரஸாயன சாலையில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மெல்லப்படும் காத் இலையின் சத்துக்கு இது இனமானது. மூளையில் டோபமைன், செரட்டோனின் ஆகியவற்றைப் பெருக்கிச் சிறிது நேரம் களிப்பூட்டும். பின்னர் படபடப்பு, மனக்கலக்கம், சிலருக்கு மரணமே.

பிரிட்டனில் இதைச் ‘செடி உரம், மனிதர் உண்பதற்கன்று’ என்று சீட்டொட்டிப் பகிரங்கமாக விற்றார்கள். 2010 ஏப்ரலில் இதன் இனத்தையே சட்டம் விலக்கியது. உடனே அவ்வரையறைக்குள் அகப்படாத நாப்பைரோன் கடைக்கு வந்தது. ஜூலையில் அதையும் தடுக்க நேர்ந்தது. நமது 1985-ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணையிலோ மெபெட்ரோன் ஏறியது 2015 பிப்ரவரியில்தான். இடையில் கெட்ட இளைஞர்களுக்கு யார் ஜவாப் சொல்வது?

ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுப்பது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம். 2016-ல் பிரிட்டன் செய்தது போல், மனத்தை மயக்கும் யாவற்றையும் பொதுவாகத் தடுப்பதும் நமக்குச் சம்மதமன்று. குற்றம் இன்னதென்று தெளிவாகக் கூறாத தண்டனை தர்மமாகாது. ரஸாயன இனத்தை வரையறுப்பதும், புதியது தோன்றியவுடன் தாமதமின்றித் திருத்துவதுமே முறை.

அன்றியும், சிறிதளவே வைத்திருந்து, தானே முன்வந்து சிகிச்சை பெறுவோனை வழக்கினின்று காக்கும் 64-ஏ பிரிவு அச்சட்டத்திலேயே உள்ளது. அதை எத்தனை பெற்றோர் அறிவர்? விற்போனைச் சிறையிலிடும் சர்க்கார், விழுந்தவனுக்கு இவ்வழியையும் காட்டக் கடமைப்பட்டது.