செயலிச் சந்தைக்கு இன்னொரு வாசல்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி செயலி, 2024 மார்ச் 1 அன்று கூகுளின் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. ஷாதி, நௌக்ரி போன்றவையும் அதே நேரத்தில் நீக்கப்பட்டன. கமிஷன் தகராறுதான் காரணம். மத்திய அரசு தலையிட்ட பிறகே, சில நாள்களில் அவை திரும்பி வந்தன. அந்தத் தகராறில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனங்களின் மனுக்களை ஏற்கவில்லை. அந்த வழக்கின் நியாயம் தனி. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் ஒரு தொழிலை ஒரே நாளில் புதிய வாடிக்கையாளர் கண்ணில் படாமல் செய்யும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கலாமா என்பதே நம் கேள்வி. அமைச்சர் பேசினால்தான் கதவு திறக்கும் என்றால், அமைச்சரை எட்ட முடியாத சிறு நிறுவனம் எங்கே போகும்?

செயலிக்குள் விற்கப்படும் சந்தாவுக்கு கூகுள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. மற்ற டிஜிட்டல் விற்பனையில், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீதம். வேறு கட்டண முறையைப் பயன்படுத்தினால் குறைவது 4 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. அந்த வேறு முறைக்கான செலவையும் செயலிக்காரரே ஏற்க வேண்டும். போட்டிக் கடை இருந்திருந்தால் இந்த விகிதம் நின்றிருக்காது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆண்ட்ராய்டில் வேறு கடை வைக்கத் தடையே இல்லை என்பது கூகுள் தரப்பின் வாதம். ஏட்டளவில் அது சரி. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் தொடங்கியது. ஆனால், பிற செயலிக் கடைகளுக்கு பிளே ஸ்டோரில் இடம் கிடையாது. கைபேசியில் முன்பே நிறுவப்பட்டிராவிட்டால், பிரவுசர் வழியாகக் கோப்பைத் தரவிறக்க வேண்டும். ‘இந்தக் கோப்பு தீங்கு விளைவிக்கலாம்’ என்ற எச்சரிக்கை வரும். அதைத் தாண்டினால், அமைப்புகளுக்குள் சென்று அறியப்படாத செயலிகளை நிறுவ அனுமதி தரச் சொல்லும். தன் கைபேசி கெட்டுவிடுமோ என்று அஞ்சும் சாதாரணப் பயனர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த முட்டுக்கட்டையை இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரிலேயே அடையாளம் கண்டது. ரூ.1,337.76 கோடி அபராதத்துடன், பிற செயலிக் கடைகளை பிளே ஸ்டோர் வழியாகவே வழங்க அனுமதிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. கடைகளை அனுமதிக்கும் ஆணையை ரத்து செய்தது. அபராதத் தொகை கூகுளுக்கு ஒரு பொருட்டல்ல. சந்தையை மாற்றியிருக்கக்கூடியது அந்த ஆணைதான்.

பாதுகாப்பு குறித்த அச்சம் பொய்யானதல்ல. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்ததைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆனால், முகம் தெரியாத மோசடிக்காரர் அனுப்பும் கோப்பும், சட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு கடையும் ஒன்றல்ல. தவிர, பிளே ஸ்டோரும் மோசடிக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. 2021 ஏப்ரலுக்கும் 2022 ஜூலைக்கும் இடையே 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் அங்கிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. கடன் செயலிகளின் மிரட்டலால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு ஒற்றைக் கடை எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால், 2024 மார்ச் முதல் ஐபோனிலும் வேறு கடைகள் வந்தன. அவசியமான, அளவான பாதுகாப்புச் சோதனைகளை அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. எனினும், ஆப்பிள் அங்கே புதிய கட்டண விதிகளைக் கொண்டுவந்தது: ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு முதல் நிறுவலுக்கும் அரை யூரோ. இலவசமாக வழங்கப்பட்ட செயலி பிரபலமானால் அதுவே அதற்குத் தண்டனையாகிவிடும் நிலை அப்போது இருந்தது. வாசலைத் திறக்கச் சொல்லிவிட்டு, வாசலில் வசூலிக்கும் தொகையைக் கட்டுப்படுத்தாத சட்டம் பாதிச் சட்டம்தான். ஜப்பானிலும் வேறு கடைகளை அனுமதிக்கச் சொல்லும் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவிலோ, 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு இன்னும் சட்டமாகவில்லை. வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களையும் அது கட்டிப்போடும் என்ற அச்சம் நியாயமானதே. எந்த அளவு நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தும் என்ற வரம்புகளை உயர்த்தி அதைத் தீர்க்கலாம். கிடப்பில் போடுவது தீர்வல்ல. பதிவுபெற்ற பிற கடைகளை பிளே ஸ்டோரிலிருந்தே நிறுவ முடிய வேண்டும். அவற்றில் நடக்கும் விற்பனைக்கு கூகுளோ ஆப்பிளோ கமிஷன் கேட்கக் கூடாது. மோசடி சந்தேகம் இல்லாத தகராறுகளில், சுயேச்சையான அமைப்பு ஒன்று விசாரிக்கும்வரை எந்தச் செயலியையும் நீக்கக் கூடாது. வரைவில் இவை வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி வழங்குவோரும் தன்னிடம் அடையாளத்தைப் பதிய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி தருவதாகப் பின்னர் கூறியிருந்தாலும், வெளிவாசலின் சாவியும் அதன் கைக்கே போகிறது. நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் உலகெங்கும் இதை விரிவாக்குவது அதன் திட்டம். அதற்கு முன்பே மத்திய அரசு டிஜிட்டல் போட்டி மசோதாவை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.