பாகிஸ்தான் நடந்த பாதையில் இந்தியாவை நடத்துவதா?

வெளியுறவுக் கொள்கை என்பது தில்லியில் அமைச்சர்களும் அதிகாரிகளும் மட்டும் பேசித் தீர்க்கும் விவகாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று அது திருமணப் பந்தியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் விவாதிக்கப்படுகிறது. இதைக் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்படும் போர் விமானத்தைப் பற்றியும், மக்களின் பெயரால் ஐ.நா. மன்றத்தில் அளிக்கப்படும் வாக்கைப் பற்றியும் மக்களே பேசுவதுதான் முறை. ஆனால் அங்கே பேசப்படும் சரக்கு பெரும்பாலும் ஆளும் தரப்பின் பட்டறையிலிருந்து வருகிறது. உறவு கசந்துவிடுமோ என்றஞ்சி அதற்கு விடை சொல்லாமல் வாய்மூடி இருப்பது இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு அழகன்று.

எனக்கு வாய்த்த எதிர்வாதி என் தமக்கையின் கணவர். பொதுத்துறை வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாளேட்டை வரி விடாமல் படிப்பவர். கேள்வி கேட்டால் சினம் கொள்ளாதவர். பல ஆண்டுகளாக அவர் முன்வைத்துவரும் வாதத்தின் சாரம் இதுதான்: “மாப்பிள்ளை, அறம் வீட்டுக்கு, நாட்டுக்கு ஆதாயம். வலியவன் பக்கம் நிற்கிற நாடு பிழைக்கும். அணிசேராமை என்பது ஏழை நாட்டின் வறட்டுக் கௌரவம்.” இது அவர் ஒருவருடைய கருத்தன்று, படித்த நடுத்தர வர்க்கத்தில் பெரும்பகுதியினர் இன்று இப்படித்தான் கருதுகின்றனர். ஆகவே இதற்குப் பொதுவெளியில் விடையளிப்பது பொருந்தும். அறத்தின் பெயரால் அவரை மறுக்கப் போவதில்லை. அவர் எடுத்த அளவுகோலாகிய ஆதாயத்தையே நாமும் கையில் எடுப்போம்.

வலியவன் பக்கம் நின்ற நாடு

வலியவன் பக்கம் நின்றால் என்ன கிடைக்கும் என்பதை அறிய ஊகங்கள் தேவையில்லை. நம் அண்டை நாடே அதற்குச் சான்று. பாகிஸ்தான் 1954இல் சீட்டோ ராணுவ ஒப்பந்தத்திலும், 1955இல் பின்னாளில் சென்டோ எனப் பெயர் பெற்ற பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. 1960இல் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் பெஷாவரிலிருந்து புறப்பட்டதுதான். விமானம் அமெரிக்காவினுடையது, சோவியத்தின் எச்சரிக்கையோ பெஷாவருக்கு வந்தது. 1965 போரின்போது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தியது. அமெரிக்க ஆயுதத்தையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அதில் பேரிடி. 1971இல் ‘எண்டர்பிரைஸ்’ கப்பலின் தலைமையில் அமெரிக்கக் கடற்படை வங்கக் கடலுக்கு வந்தது. வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியது. பாகிஸ்தான் இரண்டாயிற்று.

எண்பதுகளில் ஆப்கன் போருக்காகப் பாகிஸ்தான் மீண்டும் தேவைப்பட்டது. சோவியத் படைகள் 1989இல் வெளியேறின. மறு ஆண்டே பாகிஸ்தான்மீது அமெரிக்கத் தடை பாய்ந்தது. பணம் செலுத்தி வாங்கிய எஃப்-16 விமானங்கள்கூட ஒப்படைக்கப்படவில்லை. அந்தப் போர் விட்டுச் சென்ற துப்பாக்கிப் பண்பாடும், மதவெறிக் குழுக்களும், அகதி முகாம்களும் மட்டும் பாகிஸ்தான் மக்களுக்கு எஞ்சின. இருபதுக்கும் மேற்பட்ட முறை பன்னாட்டு நிதியத்தின் வாசலில் அந்நாடு கையேந்தி நின்றிருக்கிறது. அத்தானுக்குப் பாகிஸ்தான் என்ற பெயரே ஆகாது. ஆனால் அவர் இந்தியாவுக்குப் பரிந்துரைக்கும் பாதை, எழுபதாண்டுகளுக்கு முன் பாகிஸ்தானின் ஆளும் வர்க்கம் தேர்ந்தெடுத்த அதே பாதைதான்.

1962, 1971: இரண்டு எதிர்க்கேள்விகள்

இதற்கு அவர் இரண்டு எதிர்க்கேள்விகளை எழுப்புகிறார். இரண்டும் வலுவானவை. முதலாவது: “1962 நவம்பரில் அணிசேரா நேருவே கென்னடிக்குக் கடிதம் எழுதி விமானப்படை உதவி கேட்கவில்லையா?” கேட்டார். அதன் தொடர்ச்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உதவியைத் தொடர்ந்து அமெரிக்க, பிரிட்டிஷ் தூதுக்குழுக்கள் வந்தன. காஷ்மீர் குறித்துப் பாகிஸ்தானோடு பேசுமாறு நெருக்கடி கொடுக்கப்பட்டது. 1962 டிசம்பர் முதல் 1963 மே வரை ஸ்வரண்சிங்கும் புட்டோவும் ஆறு சுற்றுப் பேசினர். அதே ஆண்டுகளில் பொகாரோவில் பொதுத்துறை உருக்காலை அமைக்க உதவி கேட்டபோது, தனியார் துறைக்கு அது ஆகாது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. திட்டம் கைவிட்டுப் போயிற்று. பின்னர் அந்த ஆலை சோவியத் உதவியோடு எழுந்தது.

இரண்டாவது கேள்வி: “நீங்கள் போற்றும் மூன்றாம் உலகம் 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நம்மைக் கைவிட்டதே. 104 நாடுகள் ஒரு பக்கம், நம்மோடு சேர்த்து 11 நாடுகள் மறுபக்கம் நின்றனவே!” உண்மை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவும், தம் எல்லைகள் சிதறுமோ என்ற அச்சத்தில் அப்படி வாக்களித்தன. ஆனால் அணிசேராமை என்பது பிறர் வாக்கைக் கடனாக வாங்கி வைக்கும் சேமிப்புக் கணக்கு அன்று. எந்த முடிவையும் நம் தலைநகரிலேயே எடுக்கும் உரிமை அது. அமெரிக்கா எதிர்த்தபோதும், ஐ.நா. பெரும்பான்மை எதிர்த்தபோதும், வங்கதேச மக்களின் விடுதலைக்குத் துணை நிற்க இந்தியாவால் முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான இந்திய-சோவியத் உடன்படிக்கையும், பாதுகாப்பு மன்றத்தில் சோவியத் ஒன்றியம் மூன்று முறை பயன்படுத்திய வெட்டு வாக்கும் அரணாயின. சீட்டோவில் உறுப்பு வகித்த நாடாக இந்தியா இருந்திருந்தால் அந்த டிசம்பரில் என்ன செய்திருக்க முடியும்?

கையெழுத்திட்டோம், கிடைத்தது என்ன?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005இல் மன்மோகன் சிங் அரசாங்கம் அமெரிக்காவோடு ராணுவக் கட்டமைப்பு உடன்பாடு செய்தது. அதே ஆண்டு பன்னாட்டு அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. 2008 ஜூலையில் அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது, ‘இருளை விரும்புவோர்’ என்று நம்மை ஏசியவர்களுள் அத்தானும் ஒருவர். அந்த உடன்பாட்டின் பேரால் ஓர் அமெரிக்க அணு உலைகூட இன்றுவரை இந்திய மண்ணில் மின்சாரம் தரவில்லை. மோடி அரசாங்கம் மேலும் விரைந்து சென்றது. நம் தளங்களை அமெரிக்கப் படைகள் எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் பயன்படுத்த 2016இல் ஓர் ஒப்பந்தம். ராணுவத் தகவல்தொடர்பை இணைக்க 2018இல் ஒன்று. புவியிடத் தரவுகளைப் பகிர 2020இல் மற்றொன்று.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைத்த ஆதாயத்தைக் கணக்கெடுப்போம். ஈரான் எண்ணெய் நமக்கு 60 நாள் கடன் தவணையில் வந்துகொண்டிருந்தது. விலையை ரூபாயில் செலுத்தவும் வழியிருந்தது. அமெரிக்கா விலக்கை நிறுத்தியதும் 2019 மே மாதத்தோடு அதை நாம் கைவிட்டோம். வங்கித் தொழிலில் இருந்தவருக்கு இந்த இழப்பின் அளவை நான் விளக்க வேண்டியதில்லை. சபஹார் துறைமுகத்தை நடத்த 2024 மே மாதத்தில் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தோம். மறு ஆண்டே அதற்கான விலக்கையும் அமெரிக்கா ரத்து செய்து, பிறகு ஆறு மாதத் தவணை தந்தது. 2025 பிப்ரவரியில் நம் குடிமக்கள் விலங்கிடப்பட்டு அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் பாகிஸ்தான் ராணுவத் தளபதிக்கு வெள்ளை மாளிகையில் விருந்து. ஆகஸ்டில் நம் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டம் விதிக்கப்படவில்லை. அப்போது பாகிஸ்தானுக்கு விதிக்கப்பட்ட வரி 19 விழுக்காடுதான். செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி மட்டும் அத்தான் வாதிடுவதில்லை. அவருடைய மகன் அங்கேதான் பணிபுரிகிறான். அந்தக் கவலை உண்மையானது. அதை வாதத்தில் வெல்லும் கருவியாக்க எனக்கு மனமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இளைய பங்காளிக்கு ஏகாதிபத்தியம் தரும் மரியாதை, நம் பிள்ளைகளின் விசாத் தாளில்தான் முதலில் தெரியவரும்.

“சீனா நிற்கிறதே!”

எல்லா வழியும் அடைபடும்போது இறுதியாக வருவது சீனா. கல்வானில் 2020 ஜூன் மாதம் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அந்தத் துயரம் நம் அனைவருக்கும் உரியது. ஆனால் நாற்கரக் கூட்டணி அந்த மலையிலிருந்து எந்தப் படையையும் விலக்கவில்லை. ராணுவத் தளபதிகளும் அரசுப் பிரதிநிதிகளும் நான்காண்டுகள் சுற்றுச்சுற்றாகப் பேசிய பிறகு, 2024 அக்டோபரில் ரோந்து குறித்த உடன்பாடு எட்டப்பட்டது. அதைப் பேசி முடித்தவர்கள் இந்தியாவும் சீனாவும் மட்டுமே. இடையில் வாஷிங்டன் இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேல் சீனப் பொருட்களை இறக்குமதி செய்துகொண்டே, அந்நாட்டுக்கு எதிரான கூட்டணியில் காவல்காரனாக நிற்பது எந்த வகை ஆதாயம்?

யாருடைய நலன்?

அத்தானின் வாதத்தில் அடிப்படையான ஓட்டை ஒன்றுண்டு. ‘நாட்டு நலன்’ என்கிறாரே, அந்த நாட்டில் இருப்பவர் யார்? 50 விழுக்காடு வரி திருப்பூரின் தையல் தொழிலாளியையும், சூரத்தின் வைரம் பட்டை தீட்டுபவரையும், பதோஹியின் கம்பள நெசவாளியையும், ஆந்திரத்தின் இறால் வளர்ப்பவரையும் தாக்கியது. மறுபுறம், ஹைதராபாத்தில் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆளில்லா விமானம் செய்யும் அதானி குழுமமும் அதே ‘நாட்டு நலன்’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ரோத்தக்கிலும் லக்னோவிலும், போர் நடந்துகொண்டிருந்த இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்குச் செல்ல நம் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். வேலையின்மை அவர்களை அங்கே நிறுத்தியது. 1947இல் பாலஸ்தீனப் பிரிவினையை எதிர்த்து வாக்களித்த நாடு, 2025 ஜூன் 12 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தபோது, ஒதுங்கி நின்ற 19 நாடுகளுள் ஒன்றாயிற்று. இந்த ஒதுங்கல் அந்த இளைஞர்களுக்கு எதைப் பெற்றுத் தந்தது?

1946இல், முழு விடுதலைக்கு முன்பே, நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை இந்தியா முறித்துக்கொண்டது. ஏற்றுமதியில் நட்டம் உண்டென்று அறிந்தே அதைச் செய்தது. அறத்துக்கும் நலனுக்கும் இடையே சுவர் எழுப்பத் தேவையில்லை என்பதை அந்த முடிவு காட்டியது. தன் சொல்லைத் தானே சொல்லும் நாட்டைத்தான் மற்றவர்கள் எடைபோட்டுப் பேசுவார்கள். கேட்காமலே தலையாட்டுபவனிடம் எவரும் விலை பேசுவதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அமெரிக்காவோடு செய்த ராணுவ ஒப்பந்தங்கள் நாடாளுமன்றத்தில் முழுமையாக விவாதிக்கப்பட வேண்டும். எண்ணெயை எவரிடம் வாங்குவது என்பதை இந்தியாவே முடிவு செய்ய வேண்டும். இஸ்ரேலுடனான ஆயுத வணிகம் நிறுத்தப்பட வேண்டும். வரித் தாக்குதலுக்கு உள்ளான தொழில்களின் தொழிலாளருக்கு நிவாரணம் வேண்டும். இவற்றைத் தெருமுனைக் கூட்டத்தில் மட்டும் பேசினால் போதாது. நம்மோடு உடன்படாத உறவினரிடமும், அவர்தம் அளவுகோலைக் கொண்டே பொறுமையாகப் பேச வேண்டும். அவர்களும் இந்த நாட்டின் மக்களே. அவர்களை எதிர்முகாமுக்கு எழுதிக் கொடுத்துவிட நமக்கு உரிமையில்லை.