மகன், விடிய வேணும்!

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால், டிசைன் செய்யும் பழைய மாணவனுக்கு இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் போடுவோம்: "மகன், பெனர் விடிய வேணும்." காசுப் பேச்சே வராது. அச்சிடுபவருக்கு மட்டும் சதுர அடிக் கணக்கில் கொடுப்போம்.

கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் பவனம், கவிவனார் எழுத்துருக்களின் தமிழை வரைந்தவர் நம் நாட்டுத் தாரிக் அஸீஸ். கு, டு, மு, சு என உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி வளையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைய வேண்டும். கரும்பலகையில் அகரம் சொல்லிக்கொடுக்கும் நமக்குத் தெரியாத பாடா இது?

இருந்தும் ஓ.எல். முடித்த பிள்ளை டிசைன் படிக்கப் போகிறேன் என்றால், "முதல்ல துறைமுகத்தில ஒரு வேலையப் பாரு" என்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம், மறைப்பானேன். இந்த முறை போட்டிச் செலவுப் பட்டியலில், பந்தலுக்கும் சிற்றுண்டிக்கும் முன்னால், டிசைன் கூலியை எழுதுவோம்.