மாட்டுக்கு மட்டும் மருந்து போதாது

கறவை மாட்டின் மூத்திரம் காப்பி நிறத்தில் போனால், "உடம்புச் சூடு" என்று கைவைத்தியம் பார்ப்பவர்கள் கொங்குச் சீமையில் இன்றும் உண்டு. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்ற அந்த எண்ணமே மாட்டின் உயிருக்கு உலை வைக்கிறது.

இக்கோளாறு மூத்திரப்பையில் உண்டானதன்று. உண்ணி கடிக்கும்போது பபேசியா என்னும் நுண்ணுயிர் இரத்தத்தில் புகுந்து, சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் சாயமே சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. 105 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் காணும். மாடு அசை போடாது; பால் குறையும்; கண்சவ்வு வெளுக்கும். பபேசியாவின் மற்றொரு வகை மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அப்போது மாடு தள்ளாடும். பல்லை நறநறவெனக் கடிக்கும். விழுந்து காலை உதைத்துக்கொள்ளும். அதன்பின் பிழைப்பது அரிது.

கன்று ஈன்ற சில வாரங்களில் மணிச்சத்துக் குறைவாலும் மூத்திரம் சிவக்கக்கூடும். ஆகவே ஊகத்தில் வைத்தியம் கூடாது. காது மடலில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். தொடக்கத்திலேயே கால்நடை மருத்துவர் டைமினசின் ஊசி போட்டால் பெரும்பாலும் மாடு தேறிவிடும்.

இந்நோயை உண்ணியே பரப்புகிறது என்பதை அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1893ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்துவிட்டனர். ஆயினும் ஊசிக்குக் காட்டும் அக்கறையை உண்ணி ஒழிப்பில் நாம் காட்டுவதில்லை. காங்கேயம் மாடு உண்ணியை ஓரளவு தாங்கும். ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்கள் அவ்வாறு தாங்கா.

இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் குப்பையிலும் 2000 முதல் 3000 முட்டைகள் வரை இடுகிறது. நோய்க்கிருமி முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்துக் கட்டுத்தரையை விட்டுவிடுவது, கோரையின் தழையை அறுத்துக் கிழங்கை விட்டுவைப்பது போன்றதாகும். வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, குப்பையை அகற்றி, மருத்துவர் சொன்ன அளவில் மாட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்தே மருந்து தெளிக்க வேண்டும். மூன்று வாரங்களில் மறுபடியும் தெளிப்பது அவசியம். மருந்தை மாடு நக்காமல் வாய்ப்பூட்டு போடுதல் நலம்.

ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கட்டுத்தரை உண்ணி மேய்ச்சலில் மீண்டும் தொற்றிக்கொள்ளும். எனவே பால் உற்பத்தியாளர் சங்கங்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு நாளைக் குறித்து, ஊர் முழுவதும் ஒன்றாக உண்ணி ஒழிப்பில் இறங்க வேண்டும். ஒரு மாட்டை இழந்த சிறு விவசாயி மீண்டும் ஒன்று வாங்க ஆகும் கடனை நினைத்தால், இந்தச் செலவு பெரிதல்ல.